முதல் வளைவில் ஒரு படம்

"எட்டு மணி நேரம் உக்காந்து பின்னின தலைடீ அது," என்றாள் அம்மா ஒடெஸா. சபைக்குப் போகும் ஊதாத் தொப்பி அவள் தலையில் ஏற்கெனவே ஏறியிருந்தது. "அத அந்தப் பிளாஸ்டிக் சட்டிக்குள்ள திணிக்கப் போற. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, போய் மரத்துல முட்டிக்கிறதுக்கு."

ரெனிட்டா சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து அழுத்தினாள். அது வழக்கம்போல் பாதியில் நின்றது. எல்லாத் தலைக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அளவெடுத்தவர்கள் இந்தத் தெருப் பக்கம் வரவில்லை போலும்.

"மூணு வருஷமா போற. மலை உச்சில அப்படி என்னதான் இருக்கு?"

அதைத்தான் ரெனிட்டாவால் சொல்ல முடியவில்லை. அவள் உச்சிக்குப் போனதே இல்லை. அம்மாவிடம் இதை ஒப்புக்கொள்வதைவிட மரத்தில் முட்டிக்கொள்வது மேல்.

வட கரோலைனாவின் அந்த மலையடி ஊர் முழுக்க அவள் படம் இருந்தது. மலைப்பாதையின் முதல் வளைவில் சைக்கிளைச் சாய்த்தபடி பல் தெரியச் சிரிக்கும் ரெனிட்டா. கீழே, 'இந்தப் பாதை எல்லோருக்கும்'. சைக்கிள் சங்கத்தில் நூற்று நாற்பது உறுப்பினர்கள், கறுப்பினப் பெண் ஒரே ஒருத்தி. சுவரொட்டிகளைப் பார்த்தால் சரிபாதி என்று தோன்றும்.

சங்கத் தலைவர் கிரெய்க் மிக நல்லவர். அதை அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் முதல் வளைவில் கேமராவோடு நிற்பார். "ரெனிட்டா, இன்னொரு தடவ வாங்க. இப்பத்தான் வெயில் சரியா விழுது." அவள் திரும்பிப் போய் மறுபடி வருவாள். அதற்குள் மற்றவர்கள் வளைவுக்கு அப்பாலுள்ள மரப்பாலம் தாண்டி மேலே போயிருப்பார்கள். தனியாக யாரும் பாலம் தாண்டக் கூடாது என்பது சங்க விதி. கிரெய்க்குக்கோ முழங்கால் வலி. "அடுத்த வாரம் கண்டிப்பா மேல வரைக்கும்," என்பார். ஒருமுறை அவள் முறையிட்டபோது அதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். சுவரொட்டியைப் பெரிதாக்குவது என்று குழு முடிவு செய்தது.

இன்று கார் நிறுத்துமிடத்தில் ஒரு கறுப்பின இளம்பெண் பழைய சைக்கிளோடு நின்றிருந்தாள். வழி தப்பி வந்துவிட்டாயா என்று சங்கத்தார் ஒருவர் மிகுந்த அன்போடு அவளை விசாரித்துக்கொண்டிருந்தார். ரெனிட்டாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்கதானே அந்தப் படத்துல? பஸ் ஸ்டாப்புல பாத்தேன். நம்மாளு ஒருத்தர் இருக்காங்களேன்னுதான் தைரியமா வந்தேன். என் பேரு ஷவான். மேல எப்படி இருக்கும்?"

அதே கேள்வி, காலையிலிருந்து இரண்டாவது முறை.

"தெரியாதும்மா. நான் வளைவு வரைக்கும்தான்."

விளையாட்டு என்று நினைத்து ஷவான் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

முதல் வளைவில் கிரெய்க் இருவரையும் சேர்த்துப் பார்த்தார். அடுத்த வருடச் சுவரொட்டி அவர் கண்ணிலேயே அச்சாகிவிட்டது. கேமரா உயர்ந்தது. ரெனிட்டா பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள்.

"நிக்காத," என்றாள் பின்னால் வந்தவளிடம்.

"ரெனிட்டா, இன்னொரு தடவ. மூஞ்சி சரியா விழல."

"இருக்கறதையே போட்டுக்கங்க கிரெய்க்."

"தனியா பாலம் தாண்டக் கூடாதுங்க."

"நாங்க ரெண்டு பேரு."

பாலத்துப் பலகைகள் தடதடத்தன. அந்தப் பக்கம் பாதை எங்கே திரும்பும் என்று ரெனிட்டாவுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பாதுகாப்பு விதியை மீறியதற்காக, அன்றுதான் முதன்முதலாக வந்த ஷவானையும் சேர்த்து, இருவரும் நீக்கப்பட்டிருந்தார்கள். ஒடெஸா உறையைத் திருப்பினாள். அதில் அச்சிட்டிருந்த படத்தில் மகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'இந்தப் பாதை எல்லோருக்கும்.'

ஒடெஸா கடிதத்தை மறுபடி உறைக்குள் திணித்தாள். "அப்படி என்னதான்டீ இருக்கு அங்க?"

"ஒரு பாறை இருக்கும்மா. வெயில் பட்டுக் கதகதன்னு இருக்கும். ரெண்டு பேரு நல்லாக் கால நீட்டி உக்காரலாம்."

வாசலில் ஷவானின் சைக்கிள் மணி அடித்தது. ரெனிட்டா ஹெல்மெட்டைத் தலையில் வைத்து அழுத்தினாள். பாதியில் நின்றது. வாரைக் கடைசிவரை தளர்த்தி மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.