டிராகனின் நெஞ்செலும்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது மதியச் சாப்பாட்டு மேசையில், எங்கள் முதலாளி ஓர் ஆதாரத்தை மென்று விழுங்கியபோது.

இந்தோனேசியாவின் செமாராங் நகரில் கணினி விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. டிராகனுக்குக் கதை எழுதுவது நான். எலும்பு வரைவது விதூரி. கால்நடை மருத்துவர். நான்கு வருடம் கோழிப்பண்ணைகளில் ஊசி போட்டு அலுத்து, இனி இல்லாத மிருகங்களே போதும் என்று வந்து சேர்ந்தவள்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த மாபெரும்…’

(அடித்துவிட்டேன். மேகம்வரை ஏற எலும்பு வேண்டும் என்றாள் விதூரி.)

3

முதலாளி பாக் குனார்டிக்கு (‘பாக்’ என்றால் எங்கள் ஊரில் ‘ஐயா’) டிராகனின் மார்பு தட்டையாக, கட்டுக்கட்டாக, உடற்பயிற்சிக்கூட விளம்பரம்போல இருக்க வேண்டும். விதூரி தன் தட்டிலிருந்த கோழியைப் பிரித்து நெஞ்செலும்பை எடுத்துக் காட்டினாள்.

“பாருங்க பாக். படகுக்கு அடிக்கட்டை மாதிரி துருத்திட்டு நிக்குதில்ல? இறக்கைய அடிக்கிற சதை இதுலதான் ஒட்டணும். நீங்க கேக்குற நெஞ்சுல எங்க ஒட்டுறது?”

“குடுங்க பாப்போம்.”

கொடுத்தாள். கடித்தார். எலும்பு மெத்தென்று ஆகும்வரை அழுத்தத்தில் வேகவைத்த கோழி அது. எங்கள் பக்கம் அதன் எலும்பை யாரும் துப்புவதில்லை. (நீங்கள் நம்பப்போவதில்லை. மீனையும் இப்படியே முள்ளோடு தின்கிறோம் என்பதை அதனால்தான் சொல்லாமல் விடுகிறேன்.)

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா இது இல்லாமலே பறக்கட்டும்.”

“பறக்காது பாக். விழும்.”

“நெருப்பு கக்குறத நம்புறவன் இத நம்ப மாட்டானா?”

“நெருப்பு உங்க இஷ்டம். எலும்பு என் பொறுப்பு.”

விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். ‘இந்த உடலமைப்பால் பறக்க முடியும் என்று சான்றளிக்கிறேன்.’ விளம்பரத்துக்காம்.

“கையெழுத்துப் போடுங்க டாக்டர். இல்லன்னா டிராகனும் வேணாம், நீங்களும் வேணாம்.”

4

இவ்வளவு பிடிவாதம் ஒரு கதாபாத்திரத்துக்கு அடுக்குமா என்று எனக்கே சந்தேகம். கொஞ்சம் கோழையாக்கலாமே என்று தூண்டிலும் போட்டுப் பார்த்தேன்.

“போட்டுடேம்மா. டிராகன் வந்து கேஸா போடப்போகுது?”

“அது வராது. என்கூடப் படிச்சவங்க பார்ப்பாங்க.”

5

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். சுவரொட்டியில் அவள் பெயர், கொட்டை எழுத்தில். (இதை எழுதும்போது பேனா வெகு சரளமாக ஓடியது. அதுதான் உறுத்துகிறது.)

முடிவு இரண்டு: விதூரி காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. டிராகன் போனால் அதற்குக் கதை எழுதுகிறவனும் போக வேண்டியதுதான். ஆக, நான் நடுநிலையான ஆள் இல்லை. காகிதம் இன்னும் அவள் முன்னால்தான் கிடக்கிறது. எங்கள் கம்பெனியில் உங்களுக்குச் சம்பளம் கிடையாது. நீங்கள் முடித்தால்தான் நியாயம்.