ஒரு சொட்டுகூட ஊத்தலை

இந்த ரோஸ்மேரிச் செடிக்குத் தாகமே எடுக்காதாம். எனக்குப் பொய்யே வராதாம். நல்ல பெயர் வாங்கி மாட்டிக்கொண்ட நாங்கள் இருவரும் விடியற்காலையில் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொள்கிறோம்.

இப்படி நினைத்துக்கொண்டே குளியலறை வாளியைச் சத்தமில்லாமல் வாசலுக்குத் தூக்கிவந்தாள். புல்லைப் பெயர்த்துவிட்டு இந்தச் செடிகளை நட்டவன் அவள் கணவன். "வறட்சியத் தாங்குற ஜாதி, அக்கா. கோடை முழுக்க ஒரு சொட்டு ஊத்த மாட்டேன், பாரு" என்று தன் அக்காவிடம் போனில் சவால் விட்டிருந்தான். தாங்கும்தான், வேர் பிடித்த பிறகு. போன மாதம் நட்டதை இந்த வெயிலில் நிறுத்தித் தாங்கு என்றால்?

அதனால் சில நாளுக்கொருமுறை, மண் குடிக்கக் குடிக்க, வேரடியில் நிதானமாக ஊற்றிவந்தாள். ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. இன்று ஊற்றுமுன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று இருந்தது.

படியோரம் அவன் செருப்பு. அடியில் அப்பிய சேறு இன்னும் முழுதாகக் காயவில்லை.

அடப்பாவி! சாயங்காலம் நடை போகிறேன் என்றதெல்லாம் இதற்குத்தானா? சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியைத் திருப்பி எடுத்துப்போனாள்.

அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். "மத்தியானம் அக்கா வர்றா. ஒரு சொட்டுகூட ஊத்தலைன்னு நீ சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொன்னா எங்க நம்புவா? சின்ன வயசுலேர்ந்து என்னைப் பாத்தவ. நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

இந்தக் குடும்பத்தில் அவள் தனக்கென்று சேர்த்துவைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். அதைக் கைமாற்றாகக் கேட்கிறான், முகத்தில் நுரையோடு.

"உங்க செருப்பக் கழுவணும். ஒரே சேறு. இந்த வெயில்ல எந்தத் தெருவுல மழை பெஞ்சுதோ."

ரேசர் தாடையிலேயே நின்றது.

"நானும்தான் ஊத்தினேன்" என்றாள். "காலையில நான், சாயங்காலம் நீங்க. தாகத்துல இல்ல, மூச்சு முட்டித்தான் மஞ்சளாகுது."

அவன் காதுவரை சிவந்து, பிறகு சிரித்துவிட்டான். "அப்ப ரெண்டு பேரும் ஒரே கட்சி! இன்னும் வசதியாப் போச்சு. சொல்லிடு, என் தங்கமில்ல?"

வாளியிலிருந்த தண்ணீரைத் துணி ஊறவைக்கும் தொட்டியில் ஊற்றினாள்.

"உங்க அக்காகிட்ட நான் அந்தப் பொய்யச் சொல்லப் போறதில்லைங்க" என்றாள், குரலை உயர்த்தாமல்.