சார்ஜனின் காது

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தில் கள்ள அச்சுத்தாள் வைத்திருந்தால் சிறைதான். தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட வாசலில், போலீஸ் தடுப்பருகே, பால்வெட்டும் மரியதாசின் பையிலிருந்து சார்ஜன் குப்புசாமி அச்சிட்ட முகப்படங்களை உருவினார்.

"கம்யூனிஸ்டுத் தலைவனுங்களாடா?"

"எங்கப்பா காலத்து நாடகக்காரங்க ஐயா. நானே அச்சடிச்சேன். இந்த ராஜபார்ட்டுக்கு மூக்குதான் அடையாளம். அதைப் பெருசாக்கி மத்ததைச் சுருக்கினா ஆளு வந்துடுவாரு."

"எங்கே, என்னைச் செய்லா! பொய்யின்னா லாக்கப்புதான்."

மரியதாஸ் ரப்பர்த் துண்டில், பால்வெட்டுக் கத்தியால் சார்ஜனின் முகத்தை, காதுகளைப் பெரிதாக்கிச் செதுக்கினான். மேடான இடத்தில்தான் மை ஒட்டும் என்று விளக்கியபடியே மை தடவித் தாளில் அழுத்தினான். காவலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"காதைச் சின்னதாக்குலா!"

"அப்புறம் அது வேற ஆளு ஐயா."

சார்ஜன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தடுப்பைத் தூக்கச் சொன்னார்.