சுவரில் வியாழக்கிழமை

ரத்தினவேல் கட்ட வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். மகள் யாழினிக்கு ஸ்ரீரங்கத்துக் கடையில் தவணையில் எடுத்த போனுக்குக் கடைசி இரண்டு மாதப் பணம், அபராதத்தோடு. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன், இடுப்புப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துவிட்டால் எங்கிருந்து கட்டுவான்? போன வாரம்தான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான்.

போன் வாங்கிய நாளிலிருந்தே வீட்டில் ஒரு வழக்கு. யாழினி துவாக்குடிப் பக்கம் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். வகுப்பு, ரெக்கார்டு, தேர்வு எல்லாவற்றையும் போனிலேயே போட்டு வைத்தாள். ரத்தினவேலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன். எழுதினது கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் அவனுக்கு.

"பரீட்சைத் தேதி வந்துடுச்சாமே, சொல்லும்மா, காலண்டர்ல எழுதிடறேன்."

"தேதியை மாத்தினா என்னப்பா பண்ணுவீங்க? போன்னா காலேஜ்லேர்ந்து உடனே மெசேஜ் வந்துடும்."

"செவுரு எங்கயும் ஓடிப் போவாதுல்ல?"

"நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பரீட்சையே முடிஞ்சிடும்" என்று சிரித்தாள். ஆனாலும் சொன்னாள். ஆலையில் கொடுத்த காலண்டரில், வியாழக்கிழமைக் கட்டத்தில், 'யாழினி செய்முறைத் தேர்வு' என்று எழுதினான். அது ஒன்று முடிந்தால் போதும், ஜூனில் அவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை.

படிப்பதற்கு விட்ட லீவில், சனிக்கிழமை, கடைக்காரர்கள் போனைப் பூட்டிவிட்டார்கள். திரையில் 'தவணையைச் செலுத்தவும்' என்ற ஒரு வரிதான். சிநேகிதிகளின் நம்பர்கூட அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட முன்பணம் கேளுங்கப்பா" என்று அழுதாள்.

கேட்டால் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் நாலு பேர் எதிரில் அவன் இடுப்பைப் பற்றி ஏதாவது சொல்வார்.

"செவ்வாக்கிழமை கூலி வந்துடும், கட்டிடலாம். பரீட்சை வியாழன்தானே? அதோ, பெருசா எழுதியிருக்கேன் பாரு."

யாழினி காலண்டர் முன்னால் போய் நின்று படித்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அன்று ரத்தினவேலுக்கு இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

செவ்வாய் சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனார்கள். தவணை வசூலிக்கும் அமிர்தராஜ் பணத்தை எண்ணி உள்ளே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். போன் திறந்தது. திறந்ததும் விடாமல் கத்த ஆரம்பித்தது.

"அடேங்கப்பா, நாலு நாள் பேச்சையும் சேத்துப் பேசுது பாரும்மா" என்றான் அமிர்தராஜ்.

யாழினி படித்தாள். மறுபடி மேலே தள்ளி, முதலிலிருந்து படித்தாள்.

"என்னம்மா?"

"வெளியிலேர்ந்து பரீட்சை வைக்க வர்ற சார் வியாழக்கிழமை வரமுடியாதாம். தேர்வை முன்னாடி வச்சுட்டாங்க." போனை அவன் பக்கம் திருப்பினாள். "இன்னிக்குக் காலைல, பத்து மணிக்கு. ஏன் வரலை, ஏன் வரலைன்னு எல்லாரும் கேட்டிருக்காங்கப்பா."

"நாளைக்குப் போய்ச் சொன்னா..."

"இனி ஆறு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் அந்த வேலை நிக்குமா?"

ரத்தினவேல் போனைப் பார்த்தான். அவள் அவனைத் திட்டியிருந்தால் தேவலை.

அமிர்தராஜ் காகிதம் ஒன்றை நகர்த்தினான். "உங்க கணக்கு முடிஞ்சதுங்கண்ணே. இனிமே ஒரு பைசா பாக்கி இல்லை. இங்க கையெழுத்துப் போடுங்க. இல்ல, கைநாட்டுன்னா மை தரவா?"

"வேணாங்க. எழுதுவேன்."

மகள் பக்கத்தில் நின்றிருக்க, ஒவ்வொரு எழுத்தாக, காலண்டரில் எழுதியதுபோலவே திருத்தமாக, தன் பெயரை எழுதிக் கொடுத்தான்.