ரெங்கசாமியை விடாத படகு

எங்கள் ஃபெரிக்கு இரண்டு உடம்பு, ஒரே கூரை. கோலசிலாங்கூர் துறையிலிருந்து தீவுக்குப் புறப்பட்டால் அதன் நிழல் மூச்சிரைக்கப் பின்னால் நீந்தி வரும். ஒருமுறை காற்றில் பறந்த என் தொப்பி தூரத்துச் சபாக் ஊரில் யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்துகொண்டிருந்தது. நம்புங்கள், அதில் கயிறு கட்டி ஓய்வுபெற்றவன் நான். கட்டுமரம் என்ற பெயரை நம்மிடம் வாங்கி இதற்குக் 'கேட்டமரான்' என்று வைத்தவர்கள் இரைச்சலை மட்டும் சொந்தமாகச் சேர்த்தார்கள். ஜெராம் கரை மீன்களெல்லாம் செவிடானது அதனால்தான்.

அந்த எஞ்சின் அறையில்தான் ரெங்கசாமி வேலை செய்தார். பக்கத்தில் வெடி போட்டாலும், "யாரு கதவத் தட்டுறது?" என்பார். காதில் விழாததற்கெல்லாம் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவார். அப்படி ஆட்டியே மூன்று ஆடுகளை யாருக்கோ தானம் கொடுத்தவர்.

போன வாரம் தீவிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். கூப்பிட்டிருப்பார். மேலே பயணிகள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறையில் கட்டிய பிறகுதான் ஆளைக் காணோமே என்று படகுக்காரர்கள் கீழே இறங்கினார்கள். உடம்பு சூடாக இருந்தது. எஞ்சின் சூடு.

அவர் மகன் ஜீவனுக்கும் அதே அறைதான், மாற்று ஷிப்டில். அஸ்தி கரைக்கக் கிளம்பும்போது அவர் மனைவி இராஜம்மா என்னிடம் சொன்னார்:

"அர்ஜுனண்ணே, இவரக் கடல்ல விட்டுட்டா இந்தப் படகுக்கும் எங்களுக்கும் ஒட்டு இல்ல. ஜீவன் ரவாங்ல ஃபேக்டரி வேலைக்குப் போயிருவான். பேசியாச்சு."

"அப்புறம் எதுக்கு இதுலயே ஏறுறீங்க?"

"கேப்டன் செல்வா கூப்பிட்டாரு. வேணாம்னு சொன்னா சொந்தக்காரங்க விடல. மரியாதையாம்."

ஆற்று முகத்தில் நீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. இழுப்பில் போய்விடாமல் செல்வா ரிவர்ஸ் போட்டுப் படகை நிறுத்தினார். இந்தப் படகுக்கு வெளியே சுழலும் காற்றாடி கிடையாது. அடிவயிற்று வாயால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். ரிவர்ஸ் போட்டால் அந்தத் தண்ணீர் படகுக்கு அடியிலேயே முன்பக்கம் ஓடும், மிதக்கிற எதையும் வாய்க்குள் இழுக்கும். அதனால் ஒருவர் பின்பக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அது ஜீவனுடைய வேலை.

அன்று அவன் தோளில் கலயம் இருந்தது. வெள்ளைத் துணி சுற்றி, மாலை கட்டிய கலயம். படகின் பின்பக்கத்தில் கடலுக்கு முதுகு காட்டி, தோளுக்குப் பின்னால் போட்டான். போட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நாங்களும் பார்க்கக் கூடாது. படகே முதுகைக் காட்டி நின்றது.

வலது எஞ்சின் ஒருமுறை அலறி அடங்கியது. படகு மணல்திட்டுப் பக்கம் திரும்பியது.

"அடைச்சிருச்சுலா ஜீவன். மணல்ல ஏறப் போவுது" என்று செல்வா கத்தினார்.

ஜீவன் ஈர வேட்டியோடு எஞ்சின் அறைக்கு இறங்கினான். நான் டார்ச் பிடித்தேன். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் மூடியைக் கழற்றித் தோள்வரை கையை விட்டான். முதலில் மாலை நார் வந்தது. பிறகு முறுக்கிப் பிழிந்த வெள்ளைத் துணி. பிறகு அவன் உள்ளங்கையில் ஓட்டுச் சில்லோடு சின்னதாய் வேறொன்று. என்னைப் பார்த்தான். இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. உள்ள கை எட்டல மாமா."

மேலே செல்வா அவசரப்படுத்தினார். ஜீவன் அந்தத் துணியை மடியில் செருகிக்கொண்டு, மூடியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பினான். கரகரவென்று அரைத்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் சீரானது.

நாங்கள் மேலே ஏறி வந்தபோது இராஜம்மா அப்போதும் திரும்பாமல்தான் நின்றிருந்தார்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரும்மா" என்றான் ஜீவன்.

அவர் மகனைத் தலையோடு காலாகப் பார்த்தார். கை முழுக்க கிரீஸ், அதன்மேல் சாம்பல், மடியில் துணி முனை.

"அந்த மனுசன் வேற எங்க போவாரு" என்றார். பிறகு, "கரைக்குப் போனதும் இறங்கிரு ஜீவன். நீயாவது இறங்கிருய்யா."

எஞ்சின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. ஜீவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான். இராஜம்மா இன்னொரு தடவை சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

"ஆமாம்மா, ஆமா."

எஞ்சின் சூட்டைப் பார்க்கத் திரும்பக் கீழே இறங்கினான்.