தடியங்காய்க்குச் சட்டை

"எங்காத்துல முதல்ல குளிச்ச குழந்தை ஒரு தடியங்காயாக்கும்." வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி விஜயம் இந்தக் கதையை இப்படித்தான் ஆரம்பிப்பாள். சாம்பல் பூசணியைத் திருவனந்தபுரத்தில் நாங்கள் தடியங்காய் என்போம். நான் நடுவில் புகுந்து ஏதாவது திருத்துவேன். "நீங்க சும்மா இருங்கோ, உங்களுக்கு ஞாபகம் போறாது" என்பாள். போன ஐப்பசியிலிருந்து கதை சொல்ல அவள் இல்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன். தப்பு இருந்தால் திருத்த ஆள் கிடையாது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று. நான் ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை ஆபீசில் குமாஸ்தா. கரமனை அக்ரஹாரத்து வீட்டில் நானும் விஜயமும் மட்டும். என் தாயார் முன்பே காலமாகிவிட்டாள். விஜயத்துக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது வழக்கம். ஏழாம் மாதம் அவளுடைய அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து அழைத்துப்போக வேண்டும். விஜயம் போகமாட்டேன் என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் அக்கா லலிதாம்பாள் அந்த வீட்டு உள்ளறையில்தான் பிரசவத்தில் போனாள். குழந்தையும் தங்கவில்லை.

"அந்த உள்ளுல என்னால படுத்துண்டிருக்க முடியாதுன்னா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் ஒரு தடவை போதுமாக இருந்தது.

மாமியாருக்கு எழுதினேன். பதில் வந்தது. 'தை மாதம் வருகிறேன். பார்த்து மனசுக்குச் சரிப்பட்டால் அங்கேயே ஆகட்டும். இல்லாவிட்டால் பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிடுவேன். ஒன்று மாத்திரம். குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட முன்கூட்டித் தயார் பண்ணக் கூடாது. லலிதத்துக்கு எல்லாம் தயார் பண்ணி வைத்தோம்.'

அதே வாரம் ஞானபாய் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, படித்துத் தேறிய மிட்வைஃப். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, தோல் பை. பிள்ளை பெறுகிற அறை எப்படியும் தீட்டு, ஆகவே கிறிஸ்தவ நர்ஸ் அங்கே வருவதில் அக்ரஹாரத்துக்கு ஆட்சேபம் இல்லை. கொல்லை வழியாக வந்தால் போதும் என்றார்கள். கொல்லையில் சேறாக இருக்கிறது என்று சொல்லி அவள் வாசல் வழியாகவே வந்தாள்.

விஜயத்தின் காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். வயிற்றில் ஒரு குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வீட்டில பெண்ணடி வேற யாரு உண்டு?"

"யாரும் இல்லை."

"அப்பம் சாமிதான்."

"நானா? நேக்கு ரத்தத்தைப் பாத்தாத் தலை சுத்தும்."

"சுத்தட்டும். உக்காந்துகிட்டுச் சுத்துங்க. கை நேரா இருந்தாப் போதும்."

சனிக்கிழமைதோறும் பாடம். விஜயத்துக்குக் குந்தி உட்கார்ந்து எழுவது, கரமனை ஆறுவரை நடந்துவிட்டு வருவது, வலி வரும்போது மூச்சைப் பிடிக்காமல் விடுவது. எனக்கு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவது, பழைய வேஷ்டியைக் கிழித்துக் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போட்டு, யார் கையும் படாமல் மூட்டை கட்டுவது. மூட்டையை ஒரு நாள் சும்மா தொட்டுப் பார்த்தேன்.

"போச்சு. மறுபடி கொதிக்க வைங்க. இது எங்க மடியாக்கும். உங்க மடியைவிட ரெண்டு படி கூட" என்றாள் ஞானபாய்.

குளிப்பாட்டக் கற்றுக்கொள்ளக் குழந்தைக்கு எங்கே போவது? சாலைக் கடைத்தெருவில் ஏழு ராத்தல் தடியங்காய் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். பழந்துணியில் ஒரு தேங்காயை முடிந்து தடியங்காயின் காம்பில் தொங்கவிட்டாள். அதுதான் தலை. காலை நீட்டி உட்கார்ந்து, தடியங்காயை மடியில் கிடத்தி, ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் வெந்நீர் விட வேண்டும். முதல் நாளே கை வழுக்கித் தலை தரையில் மோதிச் சிதறிற்று.

"இதே பழவங்காடிப் பிள்ளையார் சன்னிதின்னா சாமிக்குப் புண்ணியம்" என்றாள் ஞானபாய். "வேற தேங்கா எடுங்க."

அந்த மாதம் எங்கள் வீட்டில் தேங்காய்த் துவையலுக்குக் குறைவே இல்லை.

பிறகு அவள் ஒரு பட்டியல் கொடுத்தாள். துணி, நூல், சோப்பு, ரப்பர் விரிப்பு, எனாமல் பேசின், குழந்தைக்கு ஆறு சட்டை. எல்லாம் ஏழாம் மாதத்துக்குள் அலமாரியில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கேஸை எடுக்கமாட்டாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு துண்டுத் துணி இருந்தால் மாமியார் பெண்ணை அழைத்துப்போய்விடுவாள். இல்லாவிட்டால் நர்ஸம்மா போய்விடுவாள்.

விஜயம் பட்டியலையும் பார்த்தாள், மூலையில் கிடந்த தடியங்காயையும் பார்த்தாள்.

"ஏன்னா, தினம் குளிக்கறதே, இதுக்குக் குளிராதோ?"

கச்சேரியில் எத்தனையோ கோப்புகளை ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றியிருக்கிறேன். ஆனால் இவ்வளவு சுத்தமான காரியத்தை நான் பண்ணினதில்லை. பட்டியலை ஃபுல்ஸ்கேப் தாளில் படி எடுத்து, மேலே 'தடியங்காய்க்கு வேண்டிய சாமான்கள்' என்று எழுதினேன். விஜயம் அதன் வயிற்றை நூலால் அளந்து சட்டை தைத்தாள்.

தை பிறந்து என் மாமியார் பாகீரதி மாமி வந்து இறங்கினாள். மாப்பிள்ளையோடு நேராகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் பெண்ணிடம்தான் சொல்வாள். அலமாரியைத் திறந்தாள்.

"இதெல்லாம் யாருக்குன்னு மாப்பிள்ளையைக் கேளு."

"அவரை எதுக்குக் கேக்கணும்? தடியங்காய்க்கும்மா" என்றாள் விஜயம்.

 மாமி அலமாரியைச் சாத்தினாள். திங்கட்கிழமை ரயிலுக்கு மாப்பிள்ளை டிக்கெட் வாங்கட்டும் என்று மாத்திரம் அன்று சாயங்காலம் சொன்னாள். இரண்டு டிக்கெட். விஜயம் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் கச்சேரி விட்டு வந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். கர்ப்பிணி ரயிலேறுமுன் கண் திருஷ்டி படக் கூடாதென்று மாமி நிலைப்படிக்கு மேலே ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கரியால் உருட்டு விழி, முறுக்கு மீசை. குங்குமத்தால் நாக்கு. ஒன்றரை மாதம் நான் குளிப்பாட்டின குழந்தை.

எனக்குப் பின்னால் ஞானபாய் வந்து குடையை மடக்கினாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பாவுக்கு இல்லாத மீசை பிள்ளைக்கு வந்துட்டே. சாமி, இறக்குங்க. இன்னைக்குப் பரீட்சை."

"நர்ஸம்மா, திங்கட்கிழமை ஊருக்கு..."

"இன்னைக்குச் சனிக்கிழமையாக்கும்."

முக்காலி போட்டு இறக்கினேன். மாமி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"அவுங்க பாத்துகிட்டு இருக்காவ. கை நடுங்கப்பிடாது" என்றாள் ஞானபாய்.

நடுங்கத்தான் செய்தது. ஆனால் தலையை விடவில்லை. கையைக் கழுவி, வெந்நீரைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து, சோப்புப் போட்டேன். மீசை கரைந்து என் வேஷ்டியெல்லாம் ஓடிற்று. கண் ஒன்று போயிற்று. மற்றது என்னையே பார்த்தது. துவட்டினேன், சட்டை போட்டேன். தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன். அது ஞானபாய் சொல்லாதது, எப்படியோ வந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாமிக்கு இருமல் என்று நினைத்தேன். விஜயத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா சிரித்து அவள் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"பாஸ்" என்று சொல்லி ஞானபாய் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வெகுநேரம் கழித்து மாமி அலமாரியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. தடியங்காய்க்குப் பொத்தான் உறுத்தும். நாடா வெச்சுத் தைக்கணும். லலிதம் குழந்தைக்கு, விவரம் தெரியாம, நான் பொத்தான் வெச்சுத் தெச்சுட்டேன்."

சட்டையை மடித்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

"டிக்கெட் வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

பங்குனியில் ஒரு நாள் காலை, நான் கச்சேரிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது விஜயத்துக்கு வலி கண்டது. எதிர் வீட்டுக்காரர் ஞானபாயை அழைத்து வர சைக்கிளில் போனார். மாமி அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தாள். சொல்ல அங்கே யாரும் இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளே, நேக்குக் கை ஓடலை. அந்தம்மா சொல்லிக்குடுத்ததையெல்லாம் நீங்க சொல்லுங்கோ. நான் பண்றேன்."

ஃபுல்ஸ்கேப் தாளின் பின்பக்கம் பாடங்களையும் குறித்து வைத்திருந்தேன்; அதை எடுத்து அறை வாசலில் நின்றுகொண்டு வாசித்தேன். மாமி ஒவ்வொன்றாகச் செய்தாள். கை கழுவினாள், ரப்பர் விரிப்புப் போட்டாள். "ஜன்னல் திறக்கறதை விட்டுட்டேளே" என்று உள்ளேயிருந்து விஜயம், இரண்டு வலிக்கு நடுவில். ஞானபாய் வந்தபோது வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. ஆனால் விஜயத்துக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஞானபாய் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாமியைக் காலடியில் நிறுத்தி, தலையைத் திருப்பாமலே கூப்பிட்டாள். "சாமி, பிள்ளையை எடுங்க."

எடுத்தேன். என் கையெல்லாம் ரத்தம். தலை சுற்றிற்று. உட்கார்ந்தேன், சுற்றட்டும் என்று விட்டேன். கை நேராக இருந்தது. தடியங்காயின் கனம்கூட இல்லை அது. குளிப்பாட்டி, நாடா வைத்த சட்டையைப் போட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. உள்ளே சத்தமே இல்லை.

"ரத்தம் நின்னுட்டு" என்ற ஞானபாயின் குரல் கேட்ட பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

"ஏன்னா, அதுக்கு மீசை இருக்கா, பாருங்கோ" என்றாள் விஜயம். காற்று மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பதினோராம் நாள் புண்யாஹவாசனம். லலிதாம்பாள் என்று பெயர். அன்று விடியற்காலை மாமி தடியங்காயையும் கத்தியையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். முழுப் பூசணியைப் பெண்கள் பிளப்பதில்லை. ஆண்பிள்ளைதான் முதல் வெட்டு வெட்டித் தர வேண்டும்.

"மாப்பிள்ளே, சமையலுக்கு ஓலன் பண்ணணும்" என்றாள் நேராக.

வெட்டினேன். அப்போது என் கண் கலங்கிற்று என்று விஜயம் கதையை முடிப்பாள். அடுக்களைப் புகை என்று நான் திருத்துவேன். நாற்பது வருஷம் அப்படியே திருத்தினேன்.

அன்று அப்போது அடுப்பே மூட்டியிருக்கவில்லை.