மறுபக்கம் ஏறுகிறவர்கள்

எனக்குக் கிடைத்த முதல் வேலை ஆட்களை எண்ணுவது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், தேயிலைக்குள் ஒரு சிறிய ரயில் தரிப்பிடம். நிலைய அதிபர் இல்லை. ஒரு மேடை, உட்கார ஒரு வாங்கு, மேலே தகரம். காலை ஏழு பத்துக்கு ஹட்டன் போகும் இரண்டு பெட்டி ரயிலில், மேடையிலிருந்து எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஐந்து நாட்கள் எழுத வேண்டும். சராசரி பத்துக்குக் குறைந்தால் அந்தப் பெட்டிகள் கூட்டமுள்ள வேறு பாதைக்குப் போய்விடும்.

பயணிகளோடு பேசக்கூடாது என்று படிவத்தில் இருந்தது. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் நான்கு வருடங்கள் நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் நோர்வூட் பக்கம் ரயில் கிடையாது. முதல் பஸ் பிடித்து வருவேன். திங்கள், பூஜ்யம். செவ்வாய், ஒன்று, கமராவோடு வந்த ஒரு வெள்ளைக்காரர். புதன், பூஜ்யம். ரயில் வந்து எதிர்ப்பக்கத்தை மறைத்து நிற்கும். ஒரு நிமிடத்தில் போய்விடும். தாளைப் படமெடுத்து ரயில்வே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, மேட்டில் ஏறி பஸ்ஸுக்கு நடப்பேன். அந்த மூன்று நாட்களும் பஸ் கண்டக்டரைத் தவிர வேறு யாரோடும் பேசியதாக நினைவில்லை.

வியாழக்கிழமை ரயில் நின்ற கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் ஒரு பெண் தலையை நீட்டினார்.

“என்னா தங்கச்சி, நாலு நாளா ஒக்காந்தே இருக்க? மாப்பிள்ள இந்த ரயில்ல வரலயா?”

“அவரு ரயிலு லேட்டு, லெட்சுமி அக்கா,” என்றது உள்ளே ஓர் ஆண் குரல். பெட்டி முழுவதும் சிரித்தது.

முழுவதும் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே அவ்வளவு பேர்.

“நீங்க எங்க ஏறுனீங்க?” என்றேன்.

“இங்கதான். அந்தப் பக்கம்.”

ரயில் போனது. தண்டவாளத்துக்கு அப்பால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே படிகள் வெட்டிய பாதை. கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயக் கூரைகள். படிகளில் ஈரக் கால்தடங்கள். மூன்று நாட்களாக அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற வழி என்று நினைத்திருந்தேன்.

மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். மேடையில் ஏறினால்தான் கணக்கு என்று சிங்களத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்றும் பூஜ்யம்.

அன்று நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. மாலை ரயில் வரும்வரை வாங்கில் இருந்தேன். சொல்ல வேண்டியதை மூன்று விதமாகத் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ரயில் வந்துபோன பின் தண்டவாளத்தைக் கடந்தேன். அவர்கள் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு மேடைப் பக்கமா ஏறுங்க,” என்றேன். எழுதியது எதுவும் வாயில் வரவில்லை.

காலையில் கேட்ட ஆண் குரல்தான் பதில் சொன்னது. அவர் பெயர் வீரய்யா. “வளைவுல ஹோர்ன் கேட்ட பொறகுதான் நாங்க வீட்டவிட்டே கெளம்புறது. ஏறி வர்றதுக்குள்ள ரயிலு நடுவுல வந்து நிக்குது. ரெண்டு பக்கமும் கதவு வச்சது எதுக்காம்?”

“யாருமே ஏறலன்னு ரயில எடுத்துருவாங்க.”

எல்லோரும் நின்றார்கள். ஹட்டன் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அந்த நேரத்துக்கு ஹட்டன் போக அவர்களுக்கு பஸ் கிடையாது.

“எங்கள எண்ணத்தான் ஒக்காந்திருந்தியா?” என்றார் லெட்சுமி அக்கா. “மொத நாளே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, புள்ள.”



வெள்ளிக்கிழமை பனி மூட்டம். ஹோர்னுக்கு முன்பே மேடை நிறைந்திருந்தது. வாங்கில் என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

ஏறும்போது லெட்சுமி அக்கா கேட்டார். “எத்தன?”

“இருபத்திமூணு.”

“வீரய்யாவ ரெண்டாப் போடு. தொப்பையும் டிக்கெட் எடுக்கணும்.”

அவர்கள் சிரித்தபடியே போனார்கள். நான் கூட்டி வகுத்தேன். நான்கு தசம் எட்டு. மற்றவற்றோடு ஒத்துப்போகாத ஓர் எண்ணை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் நானும் அப்படி எத்தனையோ எண்களை நீக்கியிருக்கிறேன்.

தாளை அனுப்பிவிட்டு வாங்கிலேயே இருந்தேன். பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அழைத்தார். இன்றைய எண் பிழையா என்று கேட்டார்.

“இல்லை. மற்ற நான்கு நாட்களும்தான் பிழை. நான் யாரிடமும் கேட்கவில்லை. இதை எழுதித் தருகிறேன்,” என்றேன். என் சிங்களம் தடுமாறவில்லை.

அப்படியானால் உங்கள் தாள்கள் செல்லாது, அடுத்த வாரம் மறுபடி எண்ண வேண்டும், வேறு ஆளை அனுப்புவோம் என்றார்.

அலுவலக அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆனால் அடுத்த வாரமும் முன்கூட்டியே வந்து மேடையில் ஏற வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

தண்டவாளத்தைக் கடந்து மேல் படியில் உட்கார்ந்தேன். மாலை ரயிலுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் மேடையும் வாங்கும் பனிக்குள் தெரியவில்லை.